‘ஹேவிங் ஃபினிஷ்ட்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் வேலையை முடித்தது யார்?

ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பக் கடிதம், அலுவலக மின்னஞ்சல், போட்டித் தேர்வுக் கட்டுரை என்று எதை எடுத்தாலும் ‘ஹேவிங்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியமாவது கண்ணில் படும். ‘ஹேவிங்’ என்றால் ‘செய்துவிட்டு’ என்று அர்த்தம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்து மேலே போய்விடுகிறார்கள். அர்த்தம் சரிதான். ஆனால் ‘யார் செய்துவிட்டு?’ என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை. இந்த அமைப்பில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி அந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதுவதால் வருவது.

1913 ஜனவரியில் சென்னையிலிருந்து ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குத் தன் தேற்றங்களைக் கடிதமாக எழுதி அனுப்பினார். அதைப் பற்றி இரண்டு வாக்கியங்கள்:

‘ஹேவிங் ரெட் த லெட்டர், ஹார்டி ஷோட் இட் டு லிட்டில்வுட்.’

‘ஹேவிங் ரெட் த லெட்டர், த தியரம்ஸ் அஸ்டானிஷ்ட் ஹார்டி.’

முதலாவது சரி. கடிதத்தைப் படித்துவிட்டு ஹார்டி அதைத் தன் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டிடம் காட்டினார். இரண்டாவதில் சொல்ல வந்தது, கடிதத்தைப் படித்த ஹார்டியைத் தேற்றங்கள் வியக்கவைத்தன என்பது. வாக்கியம் சொல்வதோ, தேற்றங்கள் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தன என்று. சொற்கள் எல்லாம் சரியாக இருந்தும் பொருள் கெட்டுப்போனது ஏன்?

துண்டு போட்டது யார்?

கூட்டமான பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். துண்டில் யார் பெயரும் இருக்காது. அந்த இடத்தில் வந்து உட்காருகிறவர்தான் துண்டுக்குச் சொந்தக்காரர் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வேறொருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் துண்டும் அவருடையதாகத்தான் தோன்றும்.

‘ஹேவிங் ரெட் த லெட்டர்’ அப்படிப் போட்ட துண்டு. படித்தவர் யார் என்று அதற்குள் எங்கும் இல்லை. கமா வருகிறது. அதற்கு அடுத்து வந்து உட்காரும் எழுவாய் யாரோ, படித்தவர் அவரே என்று ஆங்கிலம் படிப்பவர் முடிவுசெய்துவிடுகிறார். ‘ஹார்டி’ வந்து உட்கார்ந்தால் ஹார்டி படித்தார். ‘த தியரம்ஸ்’ வந்து உட்கார்ந்தால் தேற்றங்கள் படித்தன. ‘ஹார்டி’ என்ற பெயர் வாக்கியத்தின் கடைசியில் இருந்து பயனில்லை.

இனித் தேவைப்படும் பெயர்களை இங்கேயே சொல்லிவிடலாம். தனியாக நிற்கக்கூடிய, எழுவாயும் பயனிலையும் உள்ள பகுதி மெயின் கிளாஸ். அதோடு ஒட்டி அதைப் பற்றிக் கூடுதல் செய்தி தரும் பகுதி மாடிஃபையர். ‘ஹேவிங்’ என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம் சேர்ந்தது பெர்ஃபெக்ட் பார்ட்டிசிபிள். அது தவறான எழுவாயோடு ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் டேங்ளிங் மாடிஃபையர், அதாவது பிடிமானமில்லாமல் தொங்கும் மாடிஃபையர்.

இதுவரை பார்த்தது ஒரே விதி: ‘ஹேவிங்’ பகுதியின் செயலைச் செய்தவரே மெயின் கிளாஸின் எழுவாயாக இருக்க வேண்டும்.

எப்படிக் கட்டுவது?

செய்வினைக்கு ‘ஹேவிங்’ போட்டு மூன்றாம் வடிவம்: ஹேவிங் ரிட்டன், ஹேவிங் சீன், ஹேவிங் கான். இங்கே இரண்டாம் வடிவம் நுழைந்துவிடும். ‘ஹேவிங் வென்ட்’, ‘ஹேவிங் கேம்’, ‘ஹேவிங் ரோட்’ எல்லாம் தவறு. ‘ஹேவ்’ எந்த உருவத்தில் வந்தாலும் அடுத்து மூன்றாம் வடிவம்தான்: கான், கம், ரிட்டன்.

செயப்பாட்டு வினைக்கு ‘ஹேவிங் பீன்’ போட்டு மூன்றாம் வடிவம்: ‘ஹேவிங் பீன் ட்ரான்ஸ்ஃபர்ட் டு கோயம்புத்தூர், ஷீ வெகேட்டட் த குவார்ட்டர்ஸ்.’ கோவைக்கு மாற்றப்பட்டதால் குடியிருப்பைக் காலிசெய்தார்.

எதிர்மறைக்கு ‘நாட்’ முன்னால் வரும்: ‘நாட் ஹேவிங் ரிசீவ்ட் த ஹால் டிக்கெட், ஹீ கால்ட் த ஆஃபீஸ்.’ ‘ஹேவிங் நாட்’ என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால் செம்மையான எழுத்தில் ‘நாட் ஹேவிங்’ என்பதே வழக்கம்.

‘ஹேவிங்’ வந்தாலே பெர்ஃபெக்ட் பார்ட்டிசிபிள் என்று நினைத்துவிடக் கூடாது. ‘ஹேவிங் அ கார்’ என்றால் கார் வைத்திருப்பது, அதில் உடைமைப் பொருள். ‘ஹேவிங் டு லீவ் எர்லி’ என்றால் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருப்பது. இரண்டிலும் முடிந்துபோன செயல் எதுவும் இல்லை. ஆனால் எழுவாய் விதி அவற்றுக்கும் இதேதான்.

எதற்கு முன்னால் நடந்தது?

‘ஹேவிங்’ பகுதி தானாக இறந்தகாலத்தையோ நிகழ்காலத்தையோ காட்டாது. மெயின் கிளாஸின் செயலுக்கு முன்னால் முடிந்தது என்பதை மட்டும் காட்டும். காலத்தை மெயின் கிளாஸ் பார்த்துக்கொள்ளும்:

‘ஹேவிங் பெய்ட் த ஃபீ, ஷீ கலெக்டட் த ரிசீட்.’ இரண்டுமே நேற்றைய கதை.

‘ஹேவிங் லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ், ஹீ நோஸ் எவ்ரி ஸ்ட்ரீட்.’ பத்து வருட வாழ்க்கை முன்பு, தெரிந்திருப்பது இன்று.

‘ஹேவிங் கம்ப்ளீட்டட் த ட்ரெய்னிங், யூ வில் ரிசீவ் அ சர்டிஃபிகேட்.’ சான்றிதழ் இனிமேல்தான் வரும்.

முன்பின் வரிசை புரட்டப்பட்டால் வாக்கியம் பொய்யாகிவிடும். ராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானது 1918இல், இந்தியா திரும்பியது 1919இல். ஆகவே ‘ஹேவிங் பிகம் அ ஃபெலோ ஆஃப் த ராயல் சொசைட்டி, ராமானுஜன் ரிட்டர்ன்ட் டு இந்தியா’ என்று எழுதலாம். திருப்பிப் போட்டு, திரும்பி வந்தபின் உறுப்பினரானார் என்று எழுத முடியாது. இலக்கணம் சரியாக இருக்கும், வரலாறு தவறாகிவிடும்.

இன்னொன்று. முன்னால் நடந்தது என்பதை ‘ஹேவிங்’ சொல்லிவிட்டதால் மெயின் கிளாஸில் ‘ஹேட்’ சேர்க்கத் தேவையில்லை. ‘ஹேவிங் பெய்ட் த ஃபீ, ஷீ ஹேட் கலெக்டட் த ரிசீட்’ என்று எழுதினால், ரசீது வாங்கியதற்குப் பிறகும் ஏதோ நடந்தது போலிருக்கிறதே என்று படிப்பவர் காத்திருப்பார். அதே போல ‘ஆஃப்டர் ஹேவிங் பெய்ட்’ என்பதில் ‘ஆஃப்டர்’, ‘ஹேவிங்’ இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ‘ஆஃப்டர் பேயிங்’ போதும்.

தமிழ் நம்மை எங்கே வழுக்கிவிடுகிறது?

இந்த விதி தமிழுக்குப் புதிதல்ல. ‘படித்து’, ‘எழுதி’, ‘வந்து’ போன்ற செய்து வாய்பாட்டு வினையெச்சங்கள் வினைமுதலைக் கொண்டு முடியும் என்று நன்னூல் சொல்கிறது. ‘கடிதத்தைப் படித்துச் சிரித்தான்’ என்றால் படித்தவனும் சிரித்தவனும் ஒருவன். செய்தவர்கள் வேறு வேறு என்றால் தமிழில் வேறு வாய்பாடு இருக்கிறது: ‘மழை பெய்ய நெல் விளைந்தது’. பெய்தது மழை, விளைந்தது நெல்.

அப்படியானால் நாம் ஏன் தவறுகிறோம்? தமிழ் இந்த விதியைச் சில இடங்களில் தளர்த்தியிருக்கிறது. தவறுகள் அந்த இடங்களில்தான் மொய்க்கின்றன.

ஒன்று, இயற்கை நிகழ்ச்சிகள். ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்பது இலக்கண உரைகளில் வரும் பழைய உதாரணம். ‘ஞாயிறு பட வந்தான்’ என்று இருக்க வேண்டியது, சொல் திரிந்தாலும் பொருள் திரியவில்லை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. பட்டது, அதாவது மறைந்தது, ஞாயிறு; வந்தது அவன். ‘மழை பெய்து ரோடெல்லாம் சேறாகிவிட்டது’ என்று இன்றும் தயக்கமில்லாமல் சொல்கிறோம். இதையே ‘ஹேவிங் ரெயின்ட் ஆல் நைட், த ரோட் பிகேம் மடி’ என்று எழுதினால், ஆங்கிலத்தில் இரவு முழுக்கப் பெய்தது சாலையாகிவிடும். ‘ஆஃப்டர் இட் ரெயின்ட் ஆல் நைட், த ரோட் பிகேம் மடி’ என்று மழைக்குத் தனி எழுவாய் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது இடம்தான் அதிகம் சிக்கவைப்பது: ‘கு’ உருபு. பசி, தூக்கம், வலி, கோபம், அழுகை, ஞாபகம், புரிதல், கிடைத்தல் இவற்றையெல்லாம் தமிழில் ‘எனக்கு’, ‘அவளுக்கு’ என்று சொல்கிறோம். ‘ராத்திரி முழுக்கக் கண்விழித்து எனக்குத் தலை வலிக்கிறது’ என்பது குறையில்லாத தமிழ். கண்விழித்தவர் யார் என்ற குழப்பமே வராது. ‘எனக்கு’ என்பதில் நிற்கும் ஆளையே விழித்தவராகத் தமிழ்க் காது எடுத்துக்கொள்கிறது. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ‘ஹேவிங் ஸ்டேட் அவேக் ஆல் நைட், மை ஹெட் இஸ் ஏக்கிங்’ என்று வரும். கமாவுக்குப் பின் உட்கார்ந்திருப்பது தலை. இரவு முழுக்க விழித்திருந்தது தலை மட்டும் என்றாகிவிடும்.

வழி எளிது. ‘கு’ உருபோடு நிற்பவரை எழுவாய் இடத்துக்கு இழுத்துவந்து, அதற்கேற்ற வினையைத் தேடுங்கள். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பது ‘ஐ ஹேவ் அ ஹெட்டேக்’ ஆகும். ‘அவளுக்கு அழுகை வந்தது’ என்பது ‘ஷீ வெப்ட்’. ‘அவனுக்கு ஞாபகம் வந்தது’ என்பது ‘ஹீ ரிமெம்பர்ட்’. ‘அவளுக்கு வேலை கிடைத்தது’ என்பது ‘ஷீ காட் அ ஜாப்’. பிறகு முன்னால் ‘ஹேவிங்’ பகுதியை வைத்தால் பிசகாது:

‘ஹேவிங் ஸ்டேட் அவேக் ஆல் நைட், ஐ ஹேவ் அ ஹெட்டேக்.’

‘ஹேவிங் அட்டெண்டட் ஃபோர் இன்டர்வ்யூஸ், ஷீ காட் அ ஜாப்.’

மூன்றாவது, உடைமை. ‘ஹேவிங் ஃபெயில்ட் ட்வைஸ், குமார்ஸ் கான்ஃபிடன்ஸ் வாஸ் ஷேக்கன்.’ குமார் என்ற பெயர் கமாவை ஒட்டியே வருவதால் கண் ஏமாந்துவிடும். ஆனால் எழுவாய் குமார் இல்லை, குமாருடைய தன்னம்பிக்கை. இரண்டு முறை தோற்றது தன்னம்பிக்கை என்று ஆகிவிட்டது. ‘ஹேவிங் ஃபெயில்ட் ட்வைஸ், குமார் லாஸ்ட் கான்ஃபிடன்ஸ்’ என்றால் சரி.

சுருக்கமாக: மழை போன்ற நிகழ்ச்சிகள், ‘எனக்கு’ என்று தொடங்கும் அனுபவங்கள், ‘என்னுடைய’ என்று வரும் உடைமைகள். ‘ஹேவிங்’ எழுதும்போது இந்த மூன்றில் ஒன்று வாக்கியத்தில் வந்தால் நின்று பாருங்கள்.

அலுவலக ஆங்கிலத்தில் ஆள் காணாமல் போவது

‘ஹேவிங் எக்ஸாமின்ட் த டாக்குமென்ட்ஸ், த அப்ளிகேஷன் வாஸ் ரிஜெக்டட்.’ கடிதங்களில் இந்த வார்ப்பு மிகச் சாதாரணம். ஆவணங்களைப் பரிசீலித்தவர் அதிகாரி. செயப்பாட்டு வினையில் அதிகாரி மறைந்துவிட்டார். எழுவாய் இடம் விண்ணப்பத்துக்குப் போய், விண்ணப்பமே ஆவணங்களைப் பரிசீலித்ததாகிவிட்டது. ‘ஹேவிங் எக்ஸாமின்ட் த டாக்குமென்ட்ஸ், த ஆஃபீஸர் ரிஜெக்டட் த அப்ளிகேஷன்’ என்று ஆளைத் திரும்பக் கொண்டுவரலாம். ஆளைச் சொல்ல விருப்பமில்லை என்றால் ‘ஹேவிங்’ வேண்டாம்: ‘த டாக்குமென்ட்ஸ் வேர் எக்ஸாமின்ட் அண்ட் த அப்ளிகேஷன் வாஸ் ரிஜெக்டட்.’

இதைப் பார்த்துவிட்டு ‘ஹேவிங்’ வந்தால் பின்னால் செயப்பாட்டு வினையே கூடாது என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். அது சரியில்லை. ‘ஹேவிங் ஸ்கோர்ட் த ஹையஸ்ட் மார்க்ஸ், ஷீ வாஸ் அவார்டட் அ ஸ்காலர்ஷிப்’ என்பது செயப்பாட்டு வினைதான், பிழையில்லாத வாக்கியம். மதிப்பெண் எடுத்தவரும் உதவித்தொகை வழங்கப்பட்டவரும் ஒருவரே. குற்றம் செயப்பாட்டு வினையில் இல்லை, எழுவாய் மாறிப்போவதில் இருக்கிறது.

வெறுமனே இடத்தை நிரப்பும் ‘இட்’, ‘தேர்’ ஆகியவையும் இதே சிக்கலை உண்டாக்கும். ‘ஹேவிங் வெயிட்டட் ஃபார் அன் அவர், தேர் வாஸ் நோ பஸ்.’ காத்திருந்தவர் இந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. ‘வீ வெயிட்டட் ஃபார் அன் அவர், பட் தேர் வாஸ் நோ பஸ்’ என்று இரண்டு கிளாஸாக எழுதுவதே இயல்பு.

ஹேவிங் வேண்டுமா, வெறும் ‘இங்’ போதுமா?

‘ஓப்பனிங் த டோர், ஷீ வாக்ட் இன்’ என்பதில் திறந்ததும் நுழைந்ததும் அடுத்தடுத்து நடக்கும் சிறு செயல்கள். ‘இங்’ போதும். ‘ஈட்டிங் டின்னர், ஹீ வென்ட் டு பெட்’ என்பதில் அது போதாது. சாப்பிட்டுக்கொண்டே படுக்கப் போனான் என்று படும். சாப்பாடு நேரம் எடுக்கும் செயல், முடிந்தால்தான் அடுத்தது. அங்கே ‘ஹேவிங் ஈட்டன் டின்னர்’ வேண்டும். முதல் செயல் நீண்டதாகவோ, இரண்டுக்கும் நடுவே இடைவெளி உள்ளதாகவோ, முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகவோ இருந்தால் ‘ஹேவிங்’ தன் இடத்தைச் சம்பாதிக்கிறது. செயப்பாட்டு வினையில் பல சமயம் அதுவும் தேவைப்படாது. ‘ஹேவிங் பீன் செலக்டட் ஃபார் த டீம்’ என்பதற்குப் பதில் ‘செலக்டட் ஃபார் த டீம்’ என்றாலே புரியும்.

தமிழில் வினையெச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோக்கலாம்: எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஆங்கிலத்தில் நான்கு ‘ஹேவிங்’ வரிசையாக வந்தால் படிக்க மூச்சு முட்டும். ஒரு ‘ஹேவிங்’ இரண்டு வினைகளைத் தாங்கும்: ‘ஹேவிங் பேத்ட் அண்ட் ஈட்டன், ஹீ டுக் ஹிஸ் பேக் அண்ட் லெஃப்ட்.’ அதற்கு மேல் போனால் சாதாரண வினைமுற்றுகளை ‘அண்ட்’ போட்டுச் சேர்த்துவிடுங்கள்.

எங்கே வைக்கலாம்?

முன்னால் வைக்கலாம். எழுவாயை ஒட்டி இரண்டு கமாக்களுக்கு நடுவிலும் வைக்கலாம்: ‘ஹார்டி, ஹேவிங் ரெட் த லெட்டர், ஷோட் இட் டு லிட்டில்வுட்.’ கடைசியிலும் வைக்கலாம்: ‘ஷீ லெஃப்ட் எர்லி, ஹேவிங் ஃபினிஷ்ட் ஹெர் வொர்க்.’ கடைசியில் வந்தாலும் அது சேர்வது எழுவாயோடுதான். ‘ரவி மெட் த மேனேஜர், ஹேவிங் ரிசைன்ட்’ என்றால் ராஜினாமா செய்தது ரவி.

பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் கமா இல்லாமல் ஒட்டி, எந்த ஆள் என்று அடையாளம் காட்ட மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம். ‘கேண்டிடேட்ஸ் ஹேவிங் பாஸ்ட் ப்ளஸ் டூ மே அப்ளை’ என்று அறிவிப்புகளில் பார்க்கிறோம். செம்மையான ஆங்கிலம் அந்த இடத்தில் ‘கேண்டிடேட்ஸ் ஹூ ஹேவ் பாஸ்ட் ப்ளஸ் டூ’ என்றே சொல்லும். ‘படித்த மாணவர்’ என்ற நம் பெயரெச்சத்துக்கு நிகர் ‘ஹூ ஹேவ்’ அமைப்பு. ‘ஹேவிங்’ நிகராவது ‘படித்து’ என்ற வினையெச்சத்துக்கு. ‘கேண்டிடேட்ஸ் ஹேவிங் அ டிகிரி’ என்பதில் உடைமைப் பொருள் என்பதால் சிக்கல் இல்லை.

சொந்த எழுவாயோடு வருவது, விதிக்கு வெளியே நிற்பது

‘த ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், த மேட்ச் ரெஸ்யூம்ட்.’ இங்கே ‘ஹேவிங்’ பகுதி தன் எழுவாயைத் தானே கொண்டுவந்துவிட்டது. நின்றது மழை, தொடர்ந்தது ஆட்டம். இரண்டு எழுவாய்கள் இருந்தும் பிழையில்லை. ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்பதற்கு ஆங்கிலத்தில் மிக நெருங்கி வரும் அமைப்பு இதுதான். சற்று விறைப்பான நடை, பேச்சில் ஒட்டாது. ‘வென் த ரெயின் ஸ்டாப்ட்’ என்பது பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும்.

‘ஹேவிங் செட் தேட், தேர் ஆர் ரிஸ்க்ஸ்’ என்பது கண்டிப்பாகப் பார்த்தால் தொங்கும் மாடிஃபையர்தான். ஆனால் ‘ஹேவிங் செட் தேட்’ ஒரு நிலைத்த தொடராகி, ‘இருந்தாலும்’ என்ற பொருளில் வழங்குவதால் பெரும்பாலோர் குறையாக எடுப்பதில்லை. உறுத்தினால் ‘தேட் செட்’ என்று சுருக்கிவிடலாம்.

ஒரு புகார்க் கடிதத்தைத் திருத்திப் பார்ப்போம்

‘ஹேவிங் ஆர்டர்ட் அ ஃப்ரிட்ஜ் ஆன் 3 ஜூன், இட் வாஸ் டெலிவர்ட் வித் அ டென்ட். ஹேவிங் கம்ப்ளெய்ன்ட் ட்வைஸ், தேர் இஸ் நோ ரிப்ளை. ஹேவிங் நாட் ரிசீவ்ட் அ ரிப்ளை, மை மணி ஷுட் பி ரிஃபண்டட்.’

மூன்று வாக்கியங்களுக்கும் ஒரே கேள்வி. ஆர்டர் செய்தது யார்? நான். கமாவுக்குப் பின்னால் இருப்பது ‘இட்’, அதாவது ஃப்ரிட்ஜ். இங்கே முதலில் இது, பிறகு அது என்ற அழுத்தமும் தேவையில்லை. எந்த ஃப்ரிட்ஜ் என்று சொன்னால் போதும்: ‘த ஃப்ரிட்ஜ் ஐ ஆர்டர்ட் ஆன் 3 ஜூன் வாஸ் டெலிவர்ட் வித் அ டென்ட்.’

புகார் செய்தது யார்? நான்தான். பின்னால் இருப்பது ‘தேர்’. நேராகச் சொல்லிவிடலாம்: ‘ஐ ஹேவ் கம்ப்ளெய்ன்ட் ட்வைஸ்.’

பதில் கிடைக்காதது யாருக்கு? ‘எனக்கு’. பின்னால் இருப்பதோ ‘மை மணி’, உடைமை. எனக்கு, என்னுடைய இரண்டையும் ‘ஐ’ ஆக்கி, ‘நாட்’ என்பதை முன்னால் கொண்டுவந்தால்: ‘நாட் ஹேவிங் ரிசீவ்ட் அ ரிப்ளை, ஐ ரிக்வெஸ்ட் அ ஃபுல் ரிஃபண்ட்.’ இங்கே ‘ஹேவிங்’ இருக்கலாம். பதில் வராததுதான் பணத்தைத் திருப்பிக் கேட்பதற்குக் காரணம், பதில் கிடைக்காதவரும் கேட்பவரும் ஒருவர்.